ஜின்செங் கடையில் ஐம்பது நிமிடம்

பதினான்கு பேருக்கும் சேர்த்து விசா ஒரே ஒரு தாள். பாஸ்போர்ட்டில் முத்திரை ஒன்றும் இருக்காது. தாளில் பதினான்கு பெயர்கள், எதிரே எண்கள். சியோலில் இறங்கும்போது அந்த எண் வரிசைப்படி இமிகிரேஷனில் நிற்க வேண்டும். நாலு நாள் கழித்துத் திரும்பும்போதும் அதே வரிசை. தாளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் யாரும் தனியாக வரவும் முடியாது, தனியாகப் போகவும் முடியாது. யோசித்துத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆளாளுக்கு விசா கொடுப்பதென்றால் வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் என்று ஆளாளுக்குச் சோதிக்க வேண்டும். கூட்டத்துக்குக் கொடுத்தால் கூட்டத்தையே ஒருவருக்கொருவர் காவலாக வைத்துவிட்டு, பொறுப்பை டூர் கம்பெனியின் தலையில் கட்டிவிடலாம்.

சீனாவின் ஷென்யாங்கிலிருந்து புறப்பட்ட அந்தக் கூட்டத்தில் யாச்சின் ஒன்பதாவது எண். அவள் மகள் மியன்மியன் பத்தாவது. நாலரை வயது. தனக்கென்று ஒரு எண் கிடைத்ததில் குழந்தைக்கு ஏகப்பட்ட பெருமை. "நான் பத்து. நீங்க எத்தன?" என்று விமானத்திலேயே எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டது.

தாளை வைத்திருந்தவள் கைடு தாவோ. நாற்பதை நெருங்கும் வயது. கருநீலத்தில் கையில்லாத ஜாக்கெட், முதுகில் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில், இடுப்பில் பஸ் டிரைவரோடு பேச ஒரு வாக்கிடாக்கி, கையில் மஞ்சள் கொடி. பஸ்ஸில் ஏறினால் எண்ணுவாள், இறங்கினால் எண்ணுவாள், சாப்பாட்டு மேசையில் கிண்ணங்களை வைத்து எண்ணுவாள்.

"ஏம்மா தாவோ, கோழிக்குஞ்சு கணக்கா இப்படி எண்ணுறியே, நாங்க என்ன முட்டைக்குள்ள திரும்பிப் போயிடுவோமா?" என்று கேட்டார் குவான். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; மனைவியோடு வந்திருந்தார்.

"பெரியப்பா, போன வசந்தத்துல ஒருத்தன் சிகரெட் வாங்கிட்டு வர்றேன்னு எறங்கினான். இன்னும் வாங்கிட்டிருக்கான்," என்றாள் தாவோ. "கம்பெனிக்கு அபராதம். எனக்கு நாலு மாசம் வேலை இல்ல. எங்கம்மா வீட்ல உக்காந்து சோயா மொச்ச உரிச்சேன். அதான் எண்ணுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். யாச்சினும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

ஏனென்றால் அவள் கணவன் தெஹாயும் அப்படிச் சிகரெட் வாங்கப் போனவன்தான். மூன்றரை வருஷத்துக்கு முன்னால், வேறு ஊர்க் கம்பெனி, வேறு கைடு, இதே நாலு நாள் டூர். மூன்றாம் நாள் பஸ்ஸில் ஏறவில்லை. அவன் வேலை பார்த்த ஃபூஷுன் நிலக்கரிச் சுரங்கத்தில் ஆள் குறைத்திருந்த வருஷம் அது. மியன்மியனுக்குப் பதினோரு மாதம். இப்போது சியோலுக்குப் பக்கத்தில் அன்சானில் ஒரு முலாம் பூசும் பட்டறையில், கதவுப் பிடியும் குழாயும் குளியலறைக் கொக்கியும் பளபளக்கச் செய்கிற அமிலத் தொட்டிகளுக்கு நடுவே வேலை. திரும்பிப் போக வேண்டுமானால் விமான நிலையத்தில் மாட்ட வேண்டும். மாட்டினால் அப்புறம் பல வருஷங்களுக்குக் கொரியாவுக்குள் விடமாட்டார்கள். அதனால் போவதென்றால் ஒரேயடியாகப் போக வேண்டும். "இன்னும் ஒரு வருஷம்" என்றான். அந்த ஒரு வருஷம் மூன்று முறை வந்து போயிற்று. இந்த ஆறு மாதமாக அவன் பேசுவதும் குறைந்துபோனது. வாரம் இரண்டு முறை என்பது ஒன்றாகி, பிறகு "தூக்கம் வருது, நாளைக்குப் பேசறேன்" ஆகியிருந்தது.

யாச்சின் இதை நிறைய யோசித்தாள். செல்போன் திரையில் தெரிகிற குழந்தை அழுதால் திரையை அணைத்துவிடலாம். தோளில் தூக்கிய குழந்தையை அப்படி அணைக்க முடியாது. எடை என்று ஒன்று இருக்கிறது. கழுத்தைக் கட்டிக்கொண்டால் சூடு என்று ஒன்று இருக்கிறது. தெஹாய் கடைசியாகத் தூக்கியபோது மியன்மியன் ஒன்பது கிலோ. இப்போதைய பதினேழு கிலோவை ஒரு முறை கையில் கொடுத்துவிட்டால் அவன் ஊருக்கு வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். அதற்காகத்தான் இந்த டூர். விண்ணப்பத்தில் கணவன் வேலை என்ற இடத்தில் 'தொழிற்சாலை, வெளியூர்' என்று எழுதினாள். பொய் இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் தெஹாய்.

"அச்சடிச்ச தாள நம்பாத," என்றான் போனில். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் உற்சாகமாகப் பேசினான். "மழ வந்தா அரண்மனைய விட்டுடுவாங்க. கூட்டமா இருந்தா கேபிள் காரை விட்டுடுவாங்க. ஜின்செங் கடைய, அதான் மருந்து வேர் விக்கிற கடைய, மட்டும் விடவே மாட்டாங்க. பஸ்ஸுக்கு டீசல் போடறதே அந்தக் கடைதான். மூணாம் நாள் மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் நேரா அங்கதான். எதிர்ல ஒரு மருந்துக் கடை இருக்கு, அது வாசல்ல நிக்கிறேன். நீ பாப்பாவத் தூக்கிட்டு சும்மா வெளிய வா. ஒருத்தனும் கேக்க மாட்டான். நான் அப்படித்தான வந்தேன்."

அவன் சொன்னதில் முக்கால்வாசி சரி. அந்த டூர்கள் நடப்பதே அப்படித்தான். விமான டிக்கெட் விலைக்கும் கீழே ஆளைக் கூட்டிவந்து, மிச்சத்தைக் கடைகளிடம் வாங்கிக்கொள்வது. கடைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்று: ஆட்கள் உள்ளே ஐம்பது நிமிடம் இருக்க வேண்டும். ஐம்பது நிமிடம் இருந்தால் பத்தில் மூன்று பேர் வாங்குவார்கள் என்று அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் வெளியே விட்டால் ஒருவர்கூட வாங்க மாட்டார். கால்வாசி தப்பு என்னவென்றால், அவன் அறிந்திருந்த கடை மூன்றரை வருஷத்துக்கு முந்தையது. அவனைப் போன்றவர்கள் வெளியே நடந்து நடந்து, அந்தக் கதவே வேறு கதவாகிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. மத்தியானம் கோழி சூப். மியன்மியன் கோழியைத் தொடவில்லை. வெறும் சோற்றைக் கடற்பாசியில் சுற்றித் தின்றாள். குவானின் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலை மேசைக்கடியில் திறந்து, "நாலு நாளா சோப்புக் கடை, முகக்களிம்புக் கடை, இப்ப வேர்க் கடை. கொரியாவ எப்பம்மா காட்டுவ?" என்றாள்.

"மூணு நாள்தான் ஆச்சு பெரியம்மா."

"எனக்கு நாலு மாதிரி இருக்கு."

பஸ்ஸில் யாச்சினின் போன் அதிர்ந்தது. *வந்துட்டேன். மருந்துக் கடை.* அவள், *சிவப்புத் தொப்பி போட்டிருக்கா*, என்று பதில் அனுப்பினாள்.

இந்தச் செய்திகள் எப்படிப் போய் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பதினான்கு பேருக்கும் உள்ளூர் சிம் கார்டு கிடையாது. தாவோவின் தோள்பையில் சோப்புக் கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதுதான் மொத்தக் கூட்டத்துக்கும் இணையம். அதிலிருந்து முப்பது காலடித் தூரம் வரை எல்லோருடைய போனும் பேசும். முப்பத்தைந்தாவது காலடியில் செத்துவிடும். "நீ கழிவறைக்குப் போனா என் சீட்டாட்டம் நின்னுபோவுது தாவோ," என்று குவான் குறைப்பட்டுக்கொண்டது அதனால்தான். ஒரு வகையில் அந்தப் பெட்டியும் கயிறுதான். போனை விட்டுப் பிரிய மனமில்லாதவர்கள் தாவோவை விட்டும் பிரிவதில்லை. ஜின்செங் கடையில் இணையம் கொடுப்பதில்லை. கொடுத்தால் உட்கார்ந்து விலையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

கடை வாசலில் ஒரு பெண் ஒவ்வொருவர் சட்டையிலும் கூட்டத்தின் எண் போட்ட வட்ட ஸ்டிக்கரை ஒட்டினாள். எல்லோரும் உள்ளே போனதும் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. தானாகத் திறக்கிற கதவு; ஆனால் மேலே ஆள் வருவதை உணரும் கண்ணை அணைத்துவிட்டு, வரவேற்பு மேசைக்கு அடியில் கால் பொத்தான் ஒன்று வைத்திருந்தார்கள். அவள் மிதித்தால் திறக்கும்.

கூட்டம் விளக்கவுரை அறைக்குள் போனது. யாச்சின் பின்தங்கி, மியன்மியனைத் தூக்கிக்கொண்டு கதவுக்குத் திரும்பினாள்.

"கழிவறை உள்ள இடது பக்கம்," என்றாள் வரவேற்புப் பெண், நல்ல சீனத்தில், சிரித்தபடி.

"கொழந்தைக்குக் கொஞ்சம் காத்து வேணும்."

"ஏசி போட்டிருக்கே."

"வாந்தி வர்ற மாதிரி இருக்குங்கறா."

அந்தப் பெண் சிரிப்பு மாறாமல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள். இதே வாந்தியை அவள் பல முறை பார்த்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே நாலு வரிசைச் சாலை. அதற்கப்பால் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடை. அதன் வாசலில் தெஹாய். திரையில் எப்போதும் முகம் மட்டும் தெரிந்ததால் உடம்பு இவ்வளவு வற்றிப்போனது யாச்சினுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு தோள் இறங்கியிருந்தது. கையில் சிவப்பு நாடா கட்டிய பெட்டி ஏதோ ஒன்று. சாலையைப் பார்ப்பதும், இரண்டு பக்கமும் பார்ப்பதும், குனிந்து போனைப் பார்ப்பதுமாக இருந்தான்.

அவள் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "அதோ பாரு."

மியன்மியன் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த தன் சிவப்புத் தொப்பியைப் பார்த்துக் கையாட்டினாள். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து வெளியே தெரியும். வெளியேயிருந்து பார்த்தால் பார்ப்பவரின் முகம்தான் தெரியும்.

*கதவத் தெறக்க மாட்டேங்கறாங்க*, என்று அடித்தாள்.

*எவ்ளோ நேரம்?*

*அம்பது நிமிஷம்.*

*என்னால நிக்க முடியாது. ஞாயித்துக்கெழமதான் வேன் சுத்தும்.*

அந்த வேனைப் பற்றி அவன் முன்பே சொல்லியிருக்கிறான். விசா இல்லாதவர்களைப் பிடிக்க வருகிற சாம்பல் நிற வேன். கருநீல ஜாக்கெட் போட்டவர்கள் இறங்குவார்கள், இடுப்பில் வாக்கிடாக்கி இருக்கும். பட்டறையில் ஒருத்தனை அவன் சினேகிதியை விட்டே டீக்கடைக்குக் கூப்பிடச் செய்து பிடித்தார்கள்.

"மியன்மியன் அம்மா." பின்னால் தாவோ நின்றாள். "எல்லாரும் உள்ள இருக்காங்க. ஒம்போதும் பத்தும் மட்டும் இங்க இருக்கு." அவள் யாச்சினின் பார்வை போன வழியில் சாலைக்கு அப்பால் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுடைய தொழிலில் இதைப் புரிந்துகொள்ளக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. "யாரு அது?"

பொய் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தாள் யாச்சின். வாயைத் திறந்தபோது அது வரவில்லை. "இவ அப்பா, பேரு தெஹாய்," என்றாள்.

"எத்தன வருஷம்?"

"மூணர."

தாவோ வரவேற்புப் பெண்ணுக்குக் கேட்காத குரலில் திட்டினாள். "கொழந்தையோட வர்றவ ஓட மாட்டான்னு உன்னக் கூட்டத்துல சேக்கச் சொன்னதே நான்தான் தெரியுமா? ஆபீஸ்ல வேணாம்னாங்க. நான் சொன்னேன், பாவம், புள்ளைக்கு ஊரு காட்ட வருதுன்னு. இப்ப நீ குடும்பத்தோட காலி பண்ணிட்டுப் போகலாம்னு வந்திருக்க!"

"ஓட வரலக்கா. அவரக் கூட்டிட்டுப் போக வந்தேன். இவளக் கையில குடுத்தா வந்துடுவாருக்கா. ஒரே ஒரு தடவ தூக்கட்டும். எனக்கு வேற வழி தெரியல."

"வருவாரா? நீ பாத்தியா? நான் பதினாறு வருஷமா இந்த பஸ்ல போய்ட்டு வர்றேன். ஒருத்தன்கூட..." தாவோ நிறுத்திக்கொண்டாள். மியன்மியன் அவளுடைய மஞ்சள் கொடியின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தாவோ கொடியை விடவில்லை, குழந்தையும் விடவில்லை.

"உன் பாஸ்போர்ட்டக் குடு," என்றாள் கடைசியில். "நீ இந்தக் கதவத் தாண்டினா என் பொழப்பு போச்சு. அதனால நீ இங்கயே இரு. பத்த நான் கூட்டிட்டுப் போறேன். அஞ்சு நிமிஷம். தூக்கட்டும், ஒரு போட்டோ எடுத்துக்கட்டும். அப்புறம் அவன் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். இதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காத."

கணக்கு சரியாக இருந்தது. குழந்தையை விட்டுத் தாய் ஓட மாட்டாள். தாயை விட்டுக் குழந்தை ஓடாது. இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் தாழ்ப்பாளாகப் போட்டுவிட்டால் கதவைத் திறக்கலாம். யாச்சின் சந்தோஷமாகப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நான் கொடி புடிக்கிறேன். நான்தான் கைடு," என்றாள் மியன்மியன்.

"சரிங்க கைடம்மா, போலாம் வாங்க." வரவேற்புப் பெண் பொத்தானை மிதித்தாள்.

அவர்கள் வெளியே போய், பாதசாரிகள் கடக்கிற இடத்துக்கு நடந்தார்கள். சிக்னல் சிவப்பு. யாச்சின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். தாவோவின் முதுகு தெரிந்தது. பெரிய வெள்ளை எழுத்து. கருநீல ஜாக்கெட். இடுப்பில் வாக்கிடாக்கி.

சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுடைய கண்ணில் அது என்னவாகத் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் போனை எடுத்து, எழுதினால் நேரமாகும் என்று பேசும் பொத்தானை அழுத்தினாள். "ஒரு அக்கா பாப்பாவக் கூட்டிட்டு வர்றாங்க. நம்ம கைடு. நல்லவங்க. போலீஸ் இல்லீங்க. பயந்துடாதீங்க. எனக்காக அங்கயே நில்லுங்க." விரலை எடுத்தாள். திரையில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் பச்சையாகியிருந்தது. தாவோ சாலையில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள். வெள்ளைப் பெட்டியும் அவள் தோளில் தொங்கி, முப்பது காலடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

யாச்சின் கண்ணாடியைத் தட்டினாள். பிறகு குத்தினாள்.

"தட்டாதீங்க, ப்ளீஸ்," என்றாள் வரவேற்புப் பெண்.

"தெற! ஒரு நிமிஷம் தெற!"

"ஐம்பது நிமிஷம் ஆனதும் தெறப்பேன் மேடம்."

வெளியே நடப்பதெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. தெஹாய் நிமிர்ந்தான். முதலில் சிவப்புத் தொப்பியைப் பார்த்தான். அதில் சந்தேகமே இல்லை. ஒரு கால் முன்னால் வந்தது, பெட்டி பிடித்த கை கொஞ்சம் உயர்ந்தது. பிறகு அவன் கண் தொப்பியிலிருந்து, அதன் கையைப் பிடித்திருந்த கைக்கும், அந்தக் கைக்கு மேலே இருந்த ஜாக்கெட்டுக்கும் ஏறியது. யாச்சினைத் தேடி அவர்கள் பின்னால் பார்த்தான். அவள் இல்லை. அந்த நேரம் பார்த்து தாவோ நல்ல எண்ணத்தோடு கையை நீட்டி, குழந்தைக்கு அவனைச் சுட்டிக் காட்டினாள்.

தெஹாய் திரும்பினான். உடனே ஓடவில்லை; ஓடினால் ஊரே பார்க்கும் என்பதை ஒளிந்து வாழ்கிறவர்கள் எல்லோரும் பழகி வைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கடைகளை வேடிக்கை பார்க்கிறவன்போல நாலு கடை நடந்தான். சந்து முனைக்கு வந்ததும் ஓடினான். யாச்சின் மூன்றரை வருஷத்துக்கப்புறம் கணவனை நேரில் பார்த்தது அவ்வளவுதான்.

தாவோ திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "கத்தினேன்மா. நீ தெஹாய்தானேன்னு பேரச் சொல்லியே கத்தினேன். பேரக் கேட்டதும் இன்னும் வேகமா..." என்றாள். இப்போது அவளுக்கே விளங்கி, தன் ஜாக்கெட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "ஐயோ."

வெள்ளைப் பெட்டி பக்கத்தில் வந்ததும் யாச்சினின் போன் உயிர் பெற்றது. முதலில் அவனுடைய செய்திகள் வந்தன.

*பாப்பாவ வெச்சு என்னப் புடிச்சுக் குடுக்கப் பாக்குறியா?*

*எங்கிட்டயே சொல்லியிருக்கலாம். அவ்ளோ வெறுப்பா?*

*ரூம விட்டுப் போறேன். தேடாத.*

அதற்குக் கீழே அவளுடைய குரல் செய்தியின் வட்டம் சுற்றி நின்றது. பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி விழுந்தது. அவன் அவளை நீக்கிவிட்டிருந்தான். அவள் மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே குறி. மூன்றாவது தடவை தாவோ மெதுவாக அவள் கையைப் பிடித்தாள்.

"என் போன்லேருந்து பேசலாமா? நம்பர் தெரியுமா?"

அடித்தார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"பட்டறை எது?"

"அன்சான்ல. பேரு சொல்லல. சொன்னா எனக்கு ஆபத்துன்னாரு."

ஒரு தடவை பயந்தவர்கள் அறை, பட்டறை, நம்பர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள் என்று தாவோவுக்குத் தெரியும். யாச்சினுக்கும் தெரியும், அப்படி மாற்றுவது எப்படி என்று தெஹாயே ஒரு தடவை விளக்கமாகச் சொல்லியிருக்கிறான். மறு நாள் மாலை விமானம். இன்னொரு முறை விசா கேட்க இன்னொரு கம்பெனி கிடைக்கலாம். எங்கே தேடி வருவது என்பதுதான் தெரியாது. பதினேழு கிலோவைக் கையில் கொடுத்தால் வருவான் என்று அவள் கொண்டுவந்தது, அவன் இனி ஒருபோதும் வராமலிருக்கக் காரணமாகிவிட்டது. அவனுக்கு இப்போது மனைவியே வலை, மகளே இரை.

"பாஸ்போர்ட்," என்று தாவோ திருப்பிக் கொடுத்தாள். "உள்ள வா. இங்க நிக்காத. இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு."

விளக்கவுரை அறையில் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் ஆறு வருஷ வேரையும் நாலு வருஷ வேரையும் வெட்டிக் காட்டி, வளையங்களை எப்படி எண்ணுவது என்று விளக்கிக்கொண்டிருந்தார். குவான் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தாள். "ஏம்மா மொகம் இப்படி இருக்கு? புள்ள வாந்தி எடுத்துச்சா?"

"இல்ல பெரியம்மா."

மியன்மியன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு குழப்பம் இருந்தது. அதைச் சத்தமாகவே கேட்டாள்.

"அம்மா, தாவோ பெரியம்மா அப்பா அங்க இருக்காருன்னு சொன்னாங்க. அங்க அப்பா இல்ல. ஒரு மாமா இருந்தாரு. எங்களப் பாத்து பயந்து ஓடிட்டாரு."

யாச்சின் குழந்தையின் தொப்பியைக் கழற்றி, வேர்த்திருந்த தலைமுடியை ஒதுக்கினாள்.

"ஆமா கண்ணு," என்றாள். "யாரோ ஒரு மாமா."

"ஏன் பயந்தாரு?"

"தெரியல."

மியன்மியன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, தட்டில் சுற்றி வந்த ஜின்செங் மிட்டாயில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கசந்தது. அம்மாவின் உள்ளங்கையில் துப்பினாள்.